பின்சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: சிங்கப்பூரில் முதல்முறை செய்பவர்களுக்கு

மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் காரின் பின்பக்கத்திலிருந்து சீரான முனகல் ஒன்று கிளம்புகிறது. வேகம் கூடக்கூட அதுவும் ஏறுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் அடங்குவதில்லை. வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் காதில் விழாது என்பதால் பலர் மாதக்கணக்கில் அதோடேயே ஓட்டுகிறார்கள். பிறகு நீண்ட வார இறுதியில் குடும்பத்தோடு மலாக்காவுக்கோ பினாங்குக்கோ கிளம்பி, நெடுஞ்சாலையில் 110-ல் போகும்போது பின்சீட்டில் இருப்பவர்கள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை என்று புலம்பும்போதுதான் கவலை வரும்.

பெரும்பாலும் பின்சக்கர பேரிங், அதாவது சக்கரம் தடையில்லாமல் சுழல உதவும் உருண்டைகள் அடைத்த வளையம், போயிருக்கும். அதை வீட்டில் மாற்ற முடியுமா என்றால், காரைப் பொறுத்தது. சில கார்களில் நாலு போல்ட்டைக் கழற்றி நாலு போல்ட்டை மாட்டும் வேலை. சில கார்களில் ஹைட்ராலிக் பிரஸ் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. தன் கார் எந்த வகை என்று தெரியாமலே சக்கரத்தைக் கழற்றிவிட்டு முழிப்பதுதான் புதியவர்களுக்கு வழக்கமாக நேர்வது. இந்த வேலையில் பாதி காதுக்கு, கால்வாசி உதிரிபாகக் கடைக்கு, மிச்சம்தான் ஸ்பேனருக்கு. அந்த வரிசையிலேயே போகலாம்.

சத்தம் பேரிங்கினுடையதுதானா?

பின்பக்க முனகலுக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம் வர வேண்டும்: பேரிங், டயர். இரண்டும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசும். நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதியதை மாட்டியபின்னும் அதே சத்தத்தோடு ஓட்டியவர்கள் எத்தனையோ பேர்.

முதலில் டயர். பின்சக்கரத்தின் மேல்பரப்பில் உள்ளங்கையை வைத்து முன்னிருந்து பின்னாகவும், பின்னிருந்து முன்னாகவும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி கையைப் பிராண்டியும் போனால் டயர் படிக்கட்டு போலத் தேய்ந்திருக்கிறது. பின்டயர்களை வெகுநாள் முன்னுக்கு மாற்றாமல் ஓட்டும் சிறிய கார்களில் இது சர்வ சாதாரணம். சந்தேகம் தீரவில்லை என்றால் முன்டயரையும் பின்டயரையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். சத்தமும் முன்னுக்கு வந்துவிட்டால் பேரிங்கை விட்டுவிடலாம். இன்னொரு துப்பும் உண்டு. டயர் சத்தம் சாலை மாறும்போது மாறும். புதிதாகத் தார் போட்ட இடத்தில் திடீரென்று குறையும். பேரிங் சத்தத்துக்கு எந்தச் சாலையும் ஒன்றுதான்.

கேட்டுப் பார்க்க நல்ல இடம் சுரங்கப்பாதை. காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையில் சுமார் 9 கிலோமீட்டர் தூரம் தரைக்குக் கீழேதான் போகிறது. போக்குவரத்து குறைந்த நேரத்தில், சாளரத்தைப் பாதி இறக்கி, வானொலியை அணைத்துவிட்டு, வேக வரம்புக்குள் சீராக ஓட்டினால் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஓட்டுபவரைவிடப் பின்சீட்டில் இருப்பவருக்கு நன்றாகப் பிடிபடும். மச்சானையோ தம்பியையோ பின்னால் உட்கார வைத்து, முதலில் இடது மூலையில், பிறகு வலது மூலையில் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

எந்தப் பக்கம் என்று அறிய விரைவுச்சாலையின் நீண்ட வளைவுகள் உதவும். கார் வலப்பக்கம் வளையும்போது எடை இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். அப்போது முனகல் ஏறினால் இடது பேரிங் மேல் சந்தேகப்படுங்கள், குறைந்தால் வலதின் மேல். இதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில பேரிங்குகள் எடை ஏறும்போது அடங்கிப் போவதும் உண்டு. இந்தச் சோதனைக்காகச் சாலையில் பாம்பு மாதிரி வளைந்து ஓட்டவும் வேண்டாம். பின்னால் வருகிறவரின் கேமரா அதைப் பதிவு செய்துகொண்டிருக்கும்.

உறுதி செய்வது காரைத் தூக்கிய பிறகுதான். தூக்கும் முறையைக் கீழே சொல்கிறேன். பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பி, ஜாக் ஸ்டாண்டில் கார் ஆடாமல் நின்றபின், சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரண்டு கையால் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். 'டக்' என்று தட்டினால் அந்த பேரிங் முற்றிலும் போய்விட்டது. மாற்றும்வரை அந்தக் காரை ஓட்டாதீர்கள். ஆட்டமே இல்லாமல் சத்தம் மட்டும் இருப்பதுதான் அதிகம் நடப்பது. அதற்கு ஒரு அருமையான வழி இருக்கிறது. ஒரு கையால் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, மறு கையின் விரல்நுனிகளைச் சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும் காயில் ஸ்பிரிங்கின் (சுருள்வில்) மேல் மெதுவாக வையுங்கள். ஸ்பிரிங் அதிர்வைப் பெருக்கிக் காட்டும். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றுமே தெரியாது. கெட்டது என்றால் மணல் உருளுவது போன்ற நமநமப்பு ஸ்பிரிங் வழியே விரலுக்கு ஏறும். அடுத்த பக்கத்திலும் அதையே செய்து ஒப்பிடுங்கள். இடையில் 'ஷ்... ஷ்...' என்று உரசுவது பிரேக். அதை பேரிங் கணக்கில் எழுத வேண்டாம்.

உங்கள் காரில் எந்த வகை?

பின்சக்கர பேரிங்கில் நடைமுறைக்கு நாலு வகை.

இப்போதைய ஜப்பானிய, கொரிய முன்சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலும் பேரிங்கும் ஹப்பும் (சக்கரத்தை மாட்டும் சுழலும் நடுப்பகுதி) ஒரே பொட்டலமாக வரும். ஒரு பக்கம் சக்கர நட் ஏறும் ஸ்டட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மறுபக்கம் பின் அச்சில் பொருத்த நாலு போல்ட் துளைகள். பல மாதிரிகளில் ஏபிஎஸ் சென்சாரும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்புக்குச் சக்கர வேகத்தைச் சொல்வது) உள்ளேயே இருக்கும். வீட்டில் செய்யத் தகுந்தது இதுதான். டொயோட்டா கொரோலா அல்டிஸ் போன்ற கார் உங்களிடம் இருந்தால் மனம் தளர வேண்டாம்.

இரண்டாவது வகையிலும் ஹப் முழுதாகத்தான் வரும். ஆனால் நாலு போல்ட்டுக்குப் பதில், அச்சுக் கம்பில் செருகி நடுவில் ஒரே பெரிய நட் போட்டு இறுக்கியிருப்பார்கள். சில ஹோண்டா மாதிரிகளிலும் ஐரோப்பியக் கார்களிலும் இதைப் பார்க்கலாம். நட்டைக் கழற்ற நீளமான பிரேக்கர் பாரும், இறுக்கும் விசையை (டார்க்) அளந்து இறுக்கப் பெரிய டார்க் ரெஞ்சும் இருந்தால் இதுவும் வீட்டு வேலைதான். அந்த நட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது, புதியது வாங்க வேண்டும்.

மூன்றாவது வகையில் பேரிங் வெறும் வளையமாக வரும். பழையதைப் பிரஸ்ஸில் தள்ளி வெளியே எடுத்து, புதியதைப் பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். தட்டும் ஒவ்வொரு அடியும் உருண்டைகளின் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தைப் போடும். புது பேரிங் முதல் நாளே முனகும். பின்சக்கர இயக்கக் கார்களிலும் நாலு சக்கர இயக்கக் கார்களிலும் ஹப்புக்கு நடுவே டிரைவ் ஷாஃப்ட் வேறு வரும். இவற்றைப் பட்டறைக்குக் கொண்டுபோவதே சரி. ஜோகூர் பாருவில் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால், சிங்கப்பூர்ப் பதிவு வண்டி சோதனைச்சாவடியைத் தாண்டும்போது டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

நாலாவது, பழைய கார்களின் கூம்பு உருளை பேரிங். கிரீஸ் அடைத்து, நட்டை இறுக்கி, சற்றுத் தளர்த்தி, காட்டர் பின் போடுவது. அப்படியொரு வண்டியை இங்கே இன்னும் பராமரிப்பவருக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

கடையில் கேட்க வேண்டியவை

உபி, காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் உதிரிபாகக் கடைகளுக்குக் குறைவில்லை. கடைக்காரர் முதலில் கேட்பது சேசி எண்ணைத்தான், அதாவது காரில் பொறித்த அடையாள எண். அதை எழுதிக் கொடுங்கள், அல்லது தகட்டைப் படம் எடுத்துக் காட்டுங்கள். காரின் பெயரும் ஆண்டும் மட்டும் போதாது. அதே காரில் பின்னால் டிரம் பிரேக் வைத்த மாதிரியும் உண்டு, டிஸ்க் பிரேக் வைத்ததும் உண்டு. ஏபிஎஸ் உள்ளதும் இல்லாததும் உண்டு.

இங்கே கூடுதலாக ஒரு சிக்கல். முகவரிடம் வாங்கிய காரும், இணை இறக்குமதியாளரிடம் வாங்கிய அதே பெயர் கொண்ட காரும் உள்ளுக்குள் வேறாக இருக்கலாம். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார் என்றால் அதன் எண் 17 எழுத்தில் இருக்காது. மாதிரிக் குறியீடு, ஒரு கோடு, அதன்பின் ஏழு இலக்கம் என்று குட்டையாக இருக்கும். அதற்குப் பார்க்க வேண்டிய பட்டியலே வேறு. "ஒரே மாடல்தானே" என்று பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய பாகத்தையே வாங்கி வருபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

எந்த பிராண்ட்? என்எஸ்கே, என்டிஎன், கோயோ, எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, டிம்கன் இவற்றில் எது கிடைத்தாலும் வாங்கலாம். கோயோ 2006 முதல் ஜேடெக்ட் என்ற நிறுவனத்தின் கீழ் வருகிறது. பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் மிரள வேண்டாம். போலிகள் புழங்கும் சரக்கு இது. வழக்கமான விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் இணையத்தில் வாங்க ஆசைப்படாதீர்கள். கடையை விட்டு வெளியேறும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்: ஸ்டட் நாலா ஐந்தா, பின்பக்கத் துளைகள் எத்தனை, சென்சார் சொருகும் இடம் இருக்கிறதா. அதே கடையில் ஹப் போல்ட்டுகளையும், உங்கள் மாதிரிக்கு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உண்டென்றால் அதையும் புதிதாகக் கேளுங்கள்.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். பிரேக் பேட் மாதிரி ஜோடியாக மாற்றும் கட்டாயம் இதற்கு இல்லை. அடுத்த பக்கம் சத்தமில்லாமல் சுற்றினால் விட்டுவிடுங்கள். அதேபோல, வாகன உரிமைச் சான்றிதழ் முடிய இன்னும் கொஞ்ச மாதம்தானே, அதுவரை இழுத்துவிடலாம் என்று கணக்குப் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆட்டம் கண்ட பேரிங் ஏபிஎஸ் சென்சாரின் இடைவெளியைக் கெடுக்கும், பிரேக்கைக் கெடுக்கும், மோசமான நிலையில் சக்கரத்தையே விட்டுவிடும். மூன்று ஆண்டு கடந்த கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டு கடந்தது ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். அங்கே சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பார்கள்.

எங்கே வைத்துச் செய்வது?

வீவக கார் நிறுத்துமிடத்தில் வேண்டாம். அது வண்டி நிறுத்தக் கொடுத்த இடம், பட்டறை வைக்க அல்ல. நாலாம் மாடியில் காரை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுச் சுத்தியலால் அடிக்கத் தொடங்கினால் கட்டடம் முழுக்க அதிரும், புகாரும் பறக்கும். தரைவீட்டில் இருக்கும் உறவினரின் போர்ச், அல்லது பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கித் தரும் மூலை, இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள்.

தரைவீட்டுப் போர்ச்சுகளில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மழைநீர் வடிய வேண்டும் என்பதால் வாசல் பக்கம் சரிவு இருக்கும். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் ஒரு பந்தை உருட்டிப் பார்த்துவிடுங்கள். சரிந்தால் வேறு இடம் தேடுங்கள். இன்னொன்று, தரையில் ஓடு பதித்திருப்பார்கள். ஜாக் ஸ்டாண்டின் நாலு கால் முனையும் அந்த ஓடுகளில் விரிசல் விழவைக்கும். பெரியம்மாவிடம் திட்டு வாங்காமல் இருக்க, தடித்த பிளைவுட் பலகையை அடியில் போடுங்கள்.

நேரம் காலை. மதியத்துக்குமேல் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாத ஊர். முதல்முறை செய்பவருக்கு ஒரு பக்கத்துக்கே அரை நாள் போகலாம். மறுநாள் காலை வேலைக்கு அந்தக் கார் கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் தொடங்காதீர்கள். எல்லை தாண்டும் பயணத்துக்கு முந்தைய இரவு வேண்டவே வேண்டாம்.

கருவிகள் என்று பார்த்தால் டிராலி ஜாக், ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, அரை அங்குல பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச், ஆறுமுக சாக்கெட்டுகள், எக்ஸ்டென்ஷன், சுத்தியல், கம்பி பிரஷ், துருநீக்கி எண்ணெய், பிரேக் கிளீனர், கேலிப்பரை (பிரேக் பேட்களைப் பிடித்திருக்கும் பாகம்) கட்டித் தொங்கவிடக் கம்பி, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கும். எதில் மிச்சம் பிடித்தாலும் ஜாக் ஸ்டாண்டிலும் டார்க் ரெஞ்சிலும் பிடிக்காதீர்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் இறுகிய போல்ட்டின் தலையை வழுக்கிவிடும் என்பதால்தான் ஆறுமுகம் என்று சொன்னேன்.

தூக்குதல்

முதல் நாள் இரவே ஹப் போல்ட்டுகளின் பின்பக்கம் துருநீக்கி எண்ணெயைத் தெளித்து வைத்தால் காலையில் பாதிப் போராட்டம் மிச்சம்.

ஹேண்ட்பிரேக்கை விடுவிக்காமல் பின் டிரம்மோ டிஸ்க்கோ வராது. அப்படியென்றால் காரைப் பிடித்து நிறுத்துவது முன்சக்கரம் மட்டுமே. கியரை 'பி'-யில் போட்டு, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்துவிட்டு, அதன்பின் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். மின் ஹேண்ட்பிரேக் உள்ள காரில் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோகும் வழி கையேட்டில் இருக்கும்; அதைச் செய்யாமல் கேலிப்பரில் கை வைக்காதீர்கள்.

சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, கையேடு காட்டும் இடத்தில் ஜாக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். இறக்கியதும் காரின் பக்கவாட்டில் கை வைத்து நன்றாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். விழுவதென்றால் இப்போதே விழட்டும், நீங்கள் பக்கத்தில் படுத்திருக்கும்போது வேண்டாம். கழற்றிய சக்கரத்தைக் காரின் கதவுக்குக் கீழுள்ள விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உடலின் எந்தப் பகுதியையும் காருக்கு அடியில் நுழைக்காதீர்கள். ஒருவர் கூட இருப்பது நல்லது. போல்ட் எடுத்துக் கொடுக்க மட்டுமில்லை.

பிரேக்கை ஒதுக்குதல்

டிரம் என்றால், ஸ்டட்டுகளுக்கு நடுவே சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். அசையாவிட்டால் டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு சிறு துளைகள் தெரியும். பல டொயோட்டா கார்களில் அது எம்8 அளவு. இரண்டிலும் போல்ட்டைச் செருகி, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் தானாக வெளியே நகரும். அப்படியும் பாதியில் நின்றால், டிரம்மின் உள்விளிம்பில் தேய்ந்த வரம்பில் பிரேக் ஷூ மாட்டியிருக்கிறது. பின்தகட்டில் உள்ள ரப்பர் மூடியை எடுத்து, அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். உள்ளே இருக்கும் கரும்பொடியை வாயால் ஊதாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்து விழும், பேரிங் வேலை பிரேக் வேலையாக மாறிவிடும். காரில் விளையாடும் பிள்ளைகளை முதலில் இறக்கிவிடுங்கள்.

டிஸ்க் என்றால், கேலிப்பரைப் பேட்களோடும் பிராக்கெட்டோடும் ஒரே துண்டாகக் கழற்றலாம். பின்னால் இரண்டு போல்ட். கழற்றியதைக் காயில் ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் எடை விழக் கூடாது. ஹோண்டாக்களில் டிஸ்க்கை இரண்டு கூட்டல்குறித் திருகுகள் பிடித்திருக்கும். சாதாரண திருப்புளியால் முயன்றால் தலை வழுக்கிவிடும். சுத்தியலால் அடித்தால் சுற்றும் இம்பேக்ட் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹப்பை வெளியே எடுத்தல்

ஏபிஎஸ் சென்சாரின் இணைப்பிதான் முதல் வேலை. ஹப்பின் பின்புறம் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி பல வருட வெப்பத்தில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். சிறிய தட்டைத் திருப்புளியால் கொக்கியை மெல்லத் தூக்கிக்கொண்டே பிளக்கின் உடலைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் வயர் மட்டும் கையில் வரும். கழற்றியதும் இணைப்பியை ஒதுக்கிக் கட்டிவிடுங்கள்.

அடுத்து நாலு போல்ட். அச்சின் பின்புறத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டுப் பிடிக்க வேண்டும். சாக்கெட் தலையில் முழுக்க அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு பிரேக்கர் பாரை நிதானமாக இழுங்கள். கார் ஸ்டாண்டில் நிற்கிறது. வெடுக்கென்று இழுக்கவோ, பாரின் மேல் ஏறிக் குதிக்கவோ கூடாது. ஒரே போல்ட்டை முழுதாகக் கழற்றிவிடாமல், நாலையும் குறுக்குக் குறுக்காகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். டிரம் கார்களில் பல நேரம் அதே நாலு போல்ட்தான் பிரேக்கின் பின்தகட்டையும் பிடித்திருக்கும். ஹப் வந்ததும் தகடு பிரேக் குழாயில் தொங்கும். அதைக் கம்பியால் கட்டுங்கள், இல்லையென்றால் ஒரு போல்ட்டைத் திரும்பச் செருகிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போல்ட் வந்தபிறகும் ஹப் வராது. இந்த ஊரில் சாலையில் உப்புத் தூவுவதில்லை என்றாலும், வருடம் முழுக்க மழையும் ஈரக்காற்றும் அச்சின் குழியில் ஹப்பைத் துருவால் ஒட்டிவைத்திருக்கும். பெரும்பாலானோர் பொறுமை இழப்பது இந்தக் கட்டத்தில்தான், அதனால் சற்று நின்று சொல்கிறேன். துருநீக்கியைச் சுற்றிலும் தெளித்துக் கால் மணி நேரம் விடுங்கள். ஹப்பின் தட்டுப் பகுதியைப் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டி, கடிகாரச் சுற்றிலும் எதிர்ச் சுற்றிலும் சிறிது திருப்பப் பாருங்கள். இழுப்பதைவிடத் திருப்புவதற்கு அது சீக்கிரம் மசியும். இல்லையென்றால் டிரம்மையோ டிஸ்க்கையோ உள்வெளியாகத் திருப்பி ஸ்டட்டில் மாட்டி, சக்கர நட்டுகளை ஸ்டட் நுனியில் மட்டும் ஏற்றி, இரண்டு கையாலும் பிடித்து உங்களை நோக்கி வெடுக்வெடுக்கென்று இழுங்கள். அது மோதும் வேகம் ஹப்பைப் பிடுங்கும். இன்னொரு முறை, பழைய போல்ட்டுகளை சில மரை மட்டும் ஏற்றிவிட்டு, சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் வைத்துத் தலையில் மாற்றி மாற்றி அடிப்பது. மரை நசுங்கும் அபாயம் உண்டு என்பதால் இதைக் கடைசியில் வையுங்கள், அப்படிச் செய்தால் புது போல்ட்டைத்தான் திரும்பப் போட வேண்டும். பழைய ஹப் எப்படியும் தூக்கிப் போடப்போவதுதான். அதன்மேல் இரக்கம் வேண்டாம். அடி அச்சின் மேலும் பிரேக் குழாயின் மேலும் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

புதியதை மாட்டுதல்

அச்சின் குழியையும், ஹப் உட்காரும் முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் உலோகம் மின்னும்வரை தேயுங்கள். ஒரு துணுக்குத் துரு இடையில் சிக்கினாலும் ஹப் சாய்ந்து உட்காரும், டிஸ்க் ஆடும், பிரேக் பிடிக்கும்போது பெடல் நடுங்கும். துடைத்தபின் குழியின் உள்சுவரில் மட்டும் மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவலாம், அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். போல்ட்டின் மரையில் கையேடு சொல்லாமல் எதையும் தடவாதீர்கள்; எண்ணெய்ப்பட்ட மரையில் அதே டார்க் போல்ட்டை அதிகமாக இழுத்துவிடும்.

புது ஹப்பைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கையில் சுற்றிப் பாருங்கள். பழையதைவிடச் சற்றுக் கடினமாகச் சுற்றும். உள்ளே இருக்கும் புது கிரீஸும் சீலும்தான் காரணம், பயப்பட வேண்டாம். கரகரப்பு மட்டும் இருக்கக் கூடாது. சென்சார் பக்கத்தில் காந்த வளையம் இருக்கக்கூடும்; காந்தத் தட்டில் வைக்காதீர்கள், கீழேயும் போட்டுவிடாதீர்கள். கீழே விழுந்த புது பேரிங்கைப் பழைய பேரிங்காகவே கணக்கு வையுங்கள்.

பின்தகட்டைச் சரியாக நிறுத்தி, சென்சார் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று பார்த்து, ஹப்பை உள்ளே தள்ளுங்கள். நாலு போல்ட்டையும் விரலால் மட்டும் சில மரை ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்ற முயலாதீர்கள். எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். நாலையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் ஹப் நேராக இழுபட்டு உட்காரும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சால், உங்கள் மாதிரியின் சர்வீஸ் கையேட்டு எண்ணுக்கு. சக்கர நட்டின் எண்ணை ஹப் போல்ட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், இரண்டும் வேறு.

நடு நட் வகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். புது நட், முழு டார்க், சில ஐரோப்பியக் கார்களில் அதற்குமேல் கோணக் கணக்கு. இறுக்கியபின் நட்டின் உதட்டை அச்சின் பள்ளத்துக்குள் தட்டிப் பூட்ட வேண்டிய மாதிரிகளில் அதைச் செய்யுங்கள். நட் முழு டார்க்குக்கு வரும் முன்னால் காரின் எடையைச் சக்கரத்தின் மேல் இறக்காதீர்கள். பேரிங்கின் இரண்டு உள்வளையங்களையும் சேர்த்துப் பிடிப்பது அந்த நட்தான். பிடி இல்லாத நிலையில் எடை விழுந்தால் புது பேரிங் அங்கேயே கெடும்.

பிறகு சென்சார் இணைப்பி 'டிக்' என்று உட்காரும்வரை அழுத்தி, டிரம்மோ டிஸ்க்கோ கேலிப்பரோ வந்த வரிசைக்கு நேர்மாறாகத் திரும்பப் போகட்டும். ஷூவிலும் பேட்டிலும் கிரீஸ் கைரேகை பட்டிருந்தால் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள்.

இறக்கியபிறகு

சக்கர நட்டுகளைக் கையால் ஏற்றி, காரை இறக்கி, நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பெரும்பாலான டொயோட்டா சிறு கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டாவுக்கு 108. உங்கள் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி.

என்ஜினைப் போட்டதும் காரை நகர்த்தாதீர்கள். பிரேக் பெடலை மிதித்து மிதித்து, கெட்டியாக நிற்கும்வரை கொண்டு வாருங்கள். டிரம் அட்ஜஸ்டரைத் தளர்த்தியிருந்தால் அதையும் சரிசெய்து, ஹேண்ட்பிரேக் வழக்கமான கிளிக்கில் பிடிக்கிறதா என்று பாருங்கள். பேட்டையின் உள்சாலையில் மெதுவாக ஒரு சுற்று, நாலைந்து தடவை பிரேக், பிறகு விரைவுச்சாலை. ஏபிஎஸ் விளக்கு அணையாமல் நின்றால் முதலில் இணைப்பியைத் திரும்பக் கழற்றி மாட்டுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்சால் சோதியுங்கள்.

எண்ணெயும் பிரேக் கிளீனரும் நனைந்த துணிகளைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். போர்ச்சைக் கழுவி வாய்க்காலில் விட வேண்டாம். சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, வாய்க்காலில் போவது நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். பழைய ஹப்பை, பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் எடுத்துக்கொள்வார்.

புது பேரிங் போட்டும் முனகல் அப்படியே இருந்தால் புதியதைக் குறை சொல்லும் முன் எதிர்ப்பக்கத்தைத் தூக்கி ஸ்பிரிங்கில் விரல் வைத்துப் பாருங்கள். சத்தம் உலோக உடல் வழியே குறுக்கே போகும். இடது மூலையில் கேட்டது வலது பேரிங்கினுடையதாக இருக்கலாம். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் மறுபடி டயர்களைத் தடவிப் பாருங்கள்.